மூன்றாவது தேய்மானம்

ஓர் இயந்திரம் எப்போது பயனற்றதாகிறது? தேய்ந்து போகும்போது என்று தொழிலாளி சொல்வான். இலாபம் தராதபோது என்று முதலாளி சொல்வான். இவ்விரு விடைகளுக்கும் அப்பால் மூன்றாவது விடையொன்று நம் காலத்தில் பிறந்திருக்கிறது. அதனை ஆராய்வது பொறியியலாளரின் பணி மட்டுமன்று. நீதியைப் பற்றிச் சிந்திக்கும் எவருக்கும் உரிய பணியாகும்.

மார்க்ஸ் ‘மூலதனம்’ முதற் பாகத்தில் இயந்திரத்தின் தேய்மானத்தை இரண்டாகப் பிரித்துக் காட்டினார். ஒன்று பௌதிகத் தேய்மானம். உழைத்தாலும் இயந்திரம் தேயும். சும்மா கிடந்தாலும் துருப்பிடிக்கும். மற்றொன்றைத் தார்மிகத் தேய்மானம் என்றார். அதே இயந்திரத்தை மலிவாகச் செய்ய முடிந்தாலோ, அதனினும் சிறந்தது போட்டிக்கு வந்தாலோ, பழையது பழுதின்றி ஓடினும் மதிப்பை இழந்துவிடும்.

முதல் வகைத் தேய்மானத்தோடு ஊவா மலைகளில் மனிதன் நடத்திய போராட்டம் நீண்டது. வில்லியம் ஜாக்சன் வடிவமைத்த ரோலர்களும், பெல்ஃபாஸ்ட் நகரில் சாமுவேல் டேவிட்சன் செய்த ‘சிரொக்கோ’ உலர்த்திகளும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தேயிலைத் தொழிலையே மாற்றியமைத்தன. ஹப்புத்தளைக்கு அருகே லிப்டன் 1890இல் எழுப்பிய தம்பேதன்ன தொழிற்சாலை அந்த யுகத்துக்கு உரியது. இத்தகைய இயந்திரத்தின் பற்சக்கரம் உடைந்தால் தோட்டத்துப் பிட்டர் அதன் வடிவைக் கண்ணால் கண்டான், அளவெடுத்தான், அராவிப் பொருத்தினான். செய்தவன் மறைந்த பின்னும் இயந்திரம் தலைமுறைகள் தாண்டி உழைத்தது அவனால்தான். அவனுக்கு வேண்டியிருந்த அறிவு இரும்பிலேயே எழுதப்பட்டிருந்தது.

அப்படியாயின் மூன்றாவது தேய்மானம் எது? ஒரு சிறு அட்டையை எடுத்துக் கொள்வோம்.

1960களின் இறுதியில் தோன்றிய பி.எல்.சி. என்னும் கட்டுப்பாட்டுக் கருவி, சீனி ஆலை, நீரேற்று நிலையம், மின்நிலையம் என உலகெங்கும் தொழிற்சாலைகளின் மூளையாயிற்று. அது இருபது, முப்பது ஆண்டுகள் உழைக்க வல்லது. அதன் நிரலைப் படிக்கவும் பழுதைக் கண்டறியவும் பொறியியலாளர் மடிக்கணினியோடு செல்வார். இரண்டுக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளனாக நிற்பது தொடர்பு அட்டை. சீமென்ஸ் நிறுவனத்தின் ‘சி.பி. 5512’, அலன் பிராட்லியின் ‘1784-பி.சி.எம்.கே.’ ஆகியவை மடிக்கணினியின் பக்கவாட்டுத் துளையில் செருகப்படும் அத்தகைய அட்டைகள்.

மொழிபெயர்ப்பாளன் எதற்கு? ஒரே கம்பியில் பல கருவிகள் பேசுகின்றன. எல்லாம் ஒருசேரப் பேசினால் குழப்பமே மிஞ்சும். ஆதலால் ‘புரொஃபிபஸ்’ முறையில் தலைமைக் கருவிகளிடையே ‘டோக்கன்’ ஒன்று கைமாறுகிறது. அதனைப் பெற்ற கருவியே பேசத் தொடங்கலாம். பதுளைவாசிகளுக்கு இது புதிய செய்தியன்று. 1924இல் பதுளையை எட்டிய ஒற்றை இருப்புப் பாதையில், எட்வர்ட் டயர் 1878இல் காப்புரிமை பெற்ற வில்லை முறையே தலைமுறைகளாகப் பயன்பட்டு வந்தது. வில்லையைக் கையில் பெறாத சாரதி அடுத்த நிலையத்துக்குப் புறப்படலாகாது. இரு நிலையங்களின் பெட்டிகளும் மின்கம்பியால் பிணைக்கப்பட்டிருப்பதால், ஒரு வில்லை வெளியே இருக்கையில் இன்னொன்றை எடுக்க இயலாது. இரண்டின் தத்துவமும் ஒன்றே. ஆனால் வில்லைப் பெட்டியைத் திறந்து பார்ப்பவனுக்கு அதன் நியாயம் விளங்கிவிடும். புரொஃபிபஸ்ஸின் விதிகள் பொதுத் தரமாக வெளிவந்தவையே. அட்டையை இயக்கும் நிரலும், நிறுவனங்களின் சொந்த மொழிகளும் அப்படியல்ல.

கணினி உற்பத்தியோ வேறு வேகத்தில் ஓடுகிறது. 1990இல் வகுக்கப்பட்ட பி.சி.எம்.சி.ஐ.ஏ. துளையின் இடத்தை 2003இல் அறிமுகமான எக்ஸ்பிரஸ்கார்ட் பிடித்தது. பின்னர் அதுவும் மறைந்தது. துளையை எப்படியோ ஏற்படுத்திக் கொண்டாலும் அடுத்த கதவு அடைபட்டிருக்கிறது. 32 பிட் விண்டோஸுக்கு எழுதப்பட்ட இயக்கி நிரலை 64 பிட் விண்டோஸ் ஏற்பதில்லை. நிறுவனம் புதிய இயக்கியை எழுதாவிடின் அட்டை வெறும் தகடு. யு.எஸ்.பி. வழியே இணையும் மாற்றுக் கருவிகள் விற்கப்படுகின்றன. ஆனால் விலை கொடுக்க முடிந்தோருக்கே அவ்வழி.

இங்கே எதுவும் தேயவில்லை. எதுவும் போட்டியில் தோற்கவுமில்லை. பேசும் வழி அடைபட்டதனால் மட்டுமே உழைக்கும் இயந்திரம் செத்ததாகக் கருதப்படுகிறது. இதுவே மூன்றாவது தேய்மானம். முதலாவதை இயற்கை செய்கிறது. இரண்டாவதைச் சந்தை செய்கிறது. இதனைச் செய்வது சிலர் எடுக்கும் ஒரு முடிவு. முடிவென்றால் அதற்குப் பொறுப்பாளியும் உண்டு. ஆகவேதான் இது அறவியலின் கேள்வியாகிறது.

இதன் சுமை யார் தலையில் விழுகிறது? தேயிலைத் தொழிற்சாலைகளுக்கும் இன்று நிறம் பார்த்துத் தரம் பிரிக்கும் மின்னணு இயந்திரங்கள் வந்துவிட்டன. பறித்த கொழுந்தோ எந்த நிறுவனத்தின் அறிவிப்புக்காகவும் காத்திருப்பதில்லை. வாடிய இலை உரிய நேரத்தில் ரோலருக்குச் செல்லாவிடில் தரம் கெடும். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைச் செலுத்துவதையே இடைநிறுத்திய நாடு நமது நாடு. புதிய இயந்திரத்தின் விலை டொலரில் குறிக்கப்படுகிறது. அந்த டொலரின் ஒரு பகுதி மலைச்சரிவில் கொழுந்து பறிக்கும் பெண்ணின் கூடையில் பிறக்கிறது. எங்கோ ஓர் அலுவலகத்தில் ‘இனி ஆதரவில்லை’ என்று எழுதப்படும் வரிக்கு அவளும் கூலி கொடுக்கிறாள்.

எதிர்வாதத்தையும் நேர்மையாகக் கேட்க வேண்டும். பழைய மென்பொருளைக் கட்டிக்காப்பது ஆபத்து என்பர். உண்மைதான். 2010இல் வெளிச்சத்துக்கு வந்த ‘ஸ்டக்ஸ்நெட்’ நச்சுநிரல், விண்டோஸ் கணினிகள் வழியே புகுந்து சீமென்ஸ் கட்டுப்பாட்டுக் கருவிகளைத் தாக்கியது. ஒரு நிறுவனம் தான் செய்த பொருளை ஊழி ஊழியாகப் பேண முடியாது என்பதும் நியாயமே. ஆனால் நாம் கேட்பது முடிவற்ற ஊழியமன்று. நீ பேணுவதை நிறுத்தும் நாளில், பேண விரும்புவோனுக்கு அதன் மொழியைத் திறந்து விடு என்பதே நமது கோரிக்கை. வலையமைப்பிலிருந்து துண்டித்து வைத்துக் காப்பது பராமரிப்போரின் கடமை. அறிவை மறைத்து வைப்பது பாதுகாப்பாகாது.

இது கனவன்று. 1979இல் மொடிக்கொன் நிறுவனம் வகுத்த ‘மொட்பஸ்’ மொழியின் விதிகள் எல்லோருக்கும் கிடைக்கின்றன. ஆகவே பழைய மொட்பஸ் கருவியோடு இன்றைய மடிக்கணினியும் மலிவான இணைப்பியொன்றின் வழியே பேசுகிறது. விதிகள் மறைக்கப்பட்ட இடங்களிலும், தன்னார்வ நிரலாளர்கள் கம்பியில் ஓடும் சமிக்ஞைகளைக் கூர்ந்து கவனித்து, சீமென்ஸ் கருவிகளோடு பேசும் திறந்த நிரல்களை எழுதி உலகுக்கு வழங்கியிருக்கிறார்கள். பற்சக்கரத்தை அராவிய பிட்டரின் வாரிசுகள் அவர்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் பழுதுபார்க்கும் உரிமைச் சட்டத்தை இயற்றியது. ஆயினும் அது முதன்மையாக நோக்குவது நுகர்வோரின் வீட்டுச் சாதனங்களையே. உழைப்பாளியின் சோறு தங்கியிருக்கும் தொழிற்சாலை இயந்திரத்துக்கு அத்தகைய பாதுகாப்பு இன்னும் தேவைப்படுகிறது.

மனிதனை இயந்திரத்தோடு ஒப்பிடுவது தகாது. ஆயினும் பயன்படுவோரை ஏடொன்றின் வரியால் இல்லாதவராக்கும் மனப்பான்மை நமக்கு அந்நியமானதன்று. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தொழிலாளரின் உழைப்பை ஏற்றுக்கொண்டே அவர்களை நாடற்றவர்களாக்கியது. மீந்திருந்தோருக்குச் சட்டம் வழிவிட 2003ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. மதிப்பை உழைப்பில் காணாமல், அங்கீகரிக்கும் அதிகாரத்தில் மட்டும் காண்பது எங்கு நிகழினும் கேள்விக்குரியதே.

ஆசிரியரும் மாணவரும் இதில் செய்ய வேண்டியது உண்டு. 2013 முதல் நமது உயர்தர வகுப்பில் தொழில்நுட்பத்துறையும் ஒன்றாக இருக்கிறது. அங்கே பயிலும் தோட்டத்துப் பிள்ளைக்குப் புதிய கருவியை வாங்கிப் பொருத்தக் கற்பித்தால் போதாது. அதைத் திறந்து பார்க்கவும், அதன் மொழி யாருக்குச் சொந்தம் என்று வினவவும் கற்பிக்க வேண்டும். அந்தப் பிள்ளையின் பாட்டன் இரும்பிலிருந்து படித்த அறிவை எவரும் பூட்டி வைக்கவில்லை. பேரப்பிள்ளைக்கும் அந்த உரிமை வேண்டும்.