ஐயமும் குற்றமும்

செய்தது தவறா இல்லையா என்று உறுதியாகத் தெரியாத நிலையில் ஒருவர் தம்மைக் குற்றவாளியாகக் கருதுவது அறமா என்ற வினாவைச் சமயங்கள் நெடுங்காலமாகவே எதிர்கொண்டு வந்துள்ளன. 1838இல் டாக்டர் ராம்சே நெய்யூரில் மருத்துவப் பணி தொடங்கியது முதல் ஆங்கில மருத்துவம் வேரூன்றிய குமரி மாவட்டத்தில், இவ்வினா அன்றாடம் எழும் இடம் செவிலியரின் மனம். இரவுப் பணி முடிந்து பேருந்தில் வீடு திரும்புபவருக்கு, விடியற்காலையில் டிரிப் வழியே செலுத்திய மருந்துக் குப்பியின் லேபிளைப் படித்தோமா, கை தன்போக்கில் எடுத்துவிட்டதா என்ற ஐயம் தோன்றுகிறது. பழகிப்போன செயல் நினைவில் தனியே பதிவதில்லை என்பதால் இன்றைய லேபிளும் நேற்றைய லேபிளும் கலந்துவிடுகின்றன. நினைவில்லை என்பது படிக்கவில்லை என்பதற்குச் சான்றாகாது.

சிதறால் மலையில் புடைப்புச் சிற்பங்களை விட்டுச்சென்ற சமணம் இதற்கோர் அளவுகோலைத் தருகிறது. கவனமின்மையால் உயிருக்கு ஊறு செய்வதே இம்சை என்பது ‘தத்துவார்த்த சூத்திர’த்தின் வரையறை, ஆகவே விழிப்போடு நடந்தவரின் காலடியில் எறும்பு இறந்தாலும் அவருக்குப் பாவமில்லை, விழிப்பின்றி நடந்தவர் எதையும் கொல்லாவிட்டாலும் தப்புவதில்லை. ஆறுதல்போல் தோன்றும் இக்கருத்து உண்மையில் கடுமையானது: நோயாளி காலையில் நலமாக எழுந்து காப்பி குடித்தார் என்ற செய்திகூடச் செவிலியரை விடுவிக்காது.

16ஆம் நூற்றாண்டில் குமரிக் கடற்கரையில் மறைப்பணி ஆற்றிய பிரான்சிஸ் சவேரியாரின் இயேசு சபைத் தலைவரான இஞ்ஞாசியார், இத்தகைய உறுத்தலால் தாமே வாடியவர். சிலுவைபோல் கிடந்த வைக்கோலைத் தற்செயலாக மிதித்துவிட்டு அதைப் பாவமென்று முடிவுகட்டுவது வெறும் பிழையான தீர்ப்பு என்றும், பாவமில்லை என்று ஒருபுறம் தெரிந்தும் ‘பாவந்தானோ’ என்று மனம் அலைக்கழிவதே உண்மையான மனச்சஞ்சலம் என்றும் ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ நூலில் அவர் பிரித்துக் காட்டினார். அந்தச் சஞ்சலமும் சிறிது காலம் ஆன்மாவைத் தூய்மைப்படுத்தும் என்று ஒப்புக்கொண்டது அவருடைய நேர்மை. ஆயினும் வைக்கோலுக்கு வலிப்பதில்லை. மாறிப்போன மருந்து பிறர் உடலில் ஓடுகிறது. எனவே செவிலியரின் ஐயம் முதலில் உள்ளத்துக்குள் தீர்க்க வேண்டியதன்று: வார்டுக்கு ஒரு போன், கேஸ் ஷீட், கழிவு வாளியில் கிடக்கும் காலிக் குப்பி ஆகியவற்றால் தீரக்கூடியது. அவற்றைப் பார்த்து முடித்த பிறகும் தொடரும் உறுத்தலுக்குத்தான் இஞ்ஞாசியாரின் இப்பகுப்பு பொருந்தும்.

குற்றத்தின் உறுதியை உடலிலேயே தேடிய முறையும் இம்மண்ணில் இருந்தது. சுசீந்திரம் கோயிலில், ஒழுக்கக்கேடு சுமத்தப்பட்ட நம்பூதிரிகள் கொதிக்கும் நெய்யில் கையை விட வேண்டும். கட்டுப்போட்ட கையைச் சில நாள் கழித்து அவிழ்த்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார்கள். கைமுக்கு எனப்பட்ட இச்சோதனை திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் காலத்தில் நிறுத்தப்பட்டது. தமக்கு எழுந்த ஐயத்தைத் தாமாகவே சொல்ல வந்த செவிலியரிடம் விசாரிப்பதற்கு முன்பே மெமோவை நீட்டும் மருத்துவமனை நிர்வாகம் ஏறக்குறைய அதே வேலையைத்தான் செய்கிறது. அத்தகைய வார்டில் அடுத்த ஐயம் போனில் வருவதில்லை, குப்பியும் கழிவு வண்டியில் போய்விடுகிறது.