பின்தொடர்தல் அன்பல்ல



தானியேல் ஆகமம் 13-ம் அதிகாரத்தில் சூசன்னாளின் சரித்திரத்தை வாசிக்கிறோம். முதியோர் இருவர் அவள் தோட்டத்தில் உலாவும் வேளையை நாள்தோறும் ஒளிந்திருந்து பார்த்தார்கள். பார்வை இச்சையாயிற்று, இச்சை பயமுறுத்தலாயிற்று, பயமுறுத்தல் பொய்ச்சாட்சியாயிற்று. ஊராரோ பெரியவர்களை நம்பி, அவளுக்கு மரணத் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். வாலிபனாகிய தானியேல் அவ்விருவரையும் தனித்தனியே விசாரித்ததினாலேயே அவள் தப்பினாள்.

அந்தத் தோட்டம் நமது தாமிரபரணிக் கரையிலும் உண்டு. பாளையங்கோட்டைக்குப் படிக்கப் போகிறவள் பஸ் ஏறும் இடத்திலும், சுற்றிய பீடியைக் கடையில் கொடுக்கப் போகிறவள் நடக்கும் தெருவிலும், அவள் கையிலுள்ள போனிலும் உண்டு. வேண்டாமென்று சொன்ன பின்பும் பின்னால் திரிவதைச் சினிமா அன்பென்று காட்டுகிறது. அது அன்பல்ல. சர்வேசுரனே தேவமாதாவிடம் சம்மனசானவரை அனுப்பி, அவள் சம்மதத்துக்குக் காத்திருந்தாரே! ஆண்டவர் காத்திருந்த காரியத்தில், வாலிபனே, பலவந்தஞ் செய்ய நீ யார்?

2022-ம் ஆண்டு அக்டோபர் 13-ந் தேதி, சென்னைப் பரங்கிமலை ரயில் நிலையத்தில், தன்னைத் தொடர்ந்து தொந்தரவு செய்துவந்தவனால் ஓடும் ரயில்முன் தள்ளப்பட்டு ஒரு கல்லூரி மாணவி மாண்டாள். 2024 டிசம்பரில் நீதிமன்றம் அவனைக் குற்றவாளியென்று தீர்த்தது.

இராஜாங்கச் சட்டமும் இதைக் குற்றமென்றே சொல்லுகிறது. 2013-ல் தண்டனைச் சட்டத்தில் சேர்ந்த இவ்விதி, 2024 ஜூலை 1 முதல் பாரதீய நியாய சன்ஹிதாவின் 78-ம் பிரிவாக இருக்கிறது. ஒரு பெண் விருப்பமில்லையென்று தெளிவாகக் காட்டியும் திரும்பத் திரும்பத் தொடர்கிறவனுக்கும், அவளுடைய இன்டர்நெட் உபயோகத்தை வேவு பார்க்கிறவனுக்கும், முதல் தரம் 3 வருஷம் வரையும், மறுதரம் 5 வருஷம் வரையும் சிறையுண்டு. கொல்லுவேனென்றோ, கற்பைப் பற்றி அவதூறு பரப்புவேனென்றோ மிரட்டினால், 351-ம் பிரிவின்படி 7 வருஷம் வரை சிறை.

"மன்னிக்க வேண்டாமா, சுவாமி?" என்பீர்கள். 1902-ல் இத்தாலியாவில், தன்னை முன்னமே நெருக்கி மிரட்டிவந்த அலெஸாந்திரோ என்பவனால் குத்துண்டு, 11 வயதில் மரித்த அர்ச்சியசிஷ்ட மரிய கொரெற்றி அவனை மன்னித்தாள். ஆயினும் நீதிமன்றம் அவனுக்கு 30 வருஷம் சிறை விதித்தது. அந்தச் சிறையிலேதான் அவன் மனந்திரும்பினான். மன்னிப்பு தண்டனையைத் தள்ளுவதில்லை. தண்டனை சில வேளை ஆத்துமத்தைக் காப்பாற்றுகிறது.

ஆதலால் பெண் மக்களே, மௌனமாயிராதீர்கள். தாயிடம் சொன்னால் கொல்லுவேனென்ற மிரட்டலால்தான் மரியாளும் வாய் திறவாதிருந்தாள். வீட்டில் சொல்லுங்கள், எந்தப் போலீஸ் நிலையத்திலும் மனு கொடுக்கலாம், 181 என்ற எண்ணுக்கும் பேசலாம்.

பெற்றோரே, மகளின் படிப்பை நிறுத்தாதிருங்கள். அது குற்றமற்றவளைத் தண்டிப்பதாகும். மகனைப் பெற்றவர்களே, வயசுக் கோளாறென்று மூடி மறையாதிருங்கள். ஊர்ப் பெரியவர்களே, சமாதானமென்று சொல்லி, மனுவைத் திரும்ப வாங்கும்படி ஏழைத் தகப்பனை நெருக்காதிருங்கள். சூசன்னாளைத் தீர்ப்பிட்ட கூட்டத்தில் நாம் நிற்கலாகாது, தானியேலோடு நிற்போமாக.

நமது காவலான சம்மனசானவர் நம்மை இரவும் பகலும் தொடருகிறார். பயமுறுத்த அல்ல, காப்பாற்றவே. அவ்வண்ணமே நாமும் ஒருவர்க்கொருவர் காவலாயிருக்க ஆண்டவர் கிருபை செய்வாராக. ஆமென்.