தீட்டு எங்கே உள்ளது?

சென்ற மாதத்து ஞாயிறு ஒன்றில், வந்தனையும் அறவுரையும் முடிந்த பின்னர், எம் சங்கத்து இளைஞர் ஒருவர் எம்மை உணவுக்கு அழைத்தார். அவர் பிடதிப் பக்கத்துத் தொழிற்சாலையொன்றில் பொறியாளர். 1997இல் டொயோட்டா நிறுவனம் கிர்லோஸ்கருடன் கூடி அங்கே மோட்டார்த் தொழிலைத் தொடங்கிய காலந்தொட்டு ஜப்பானியர் பலர் பெங்களூருக்கு வரலாயினர். அவர்தம் வாய்க்குப் பழகிய உணவும் பின்னாலேயே வந்து சேர்ந்தது. “ஐயா, புத்தரை வணங்கும் நாட்டார் எப்படி உண்கிறார்கள் என்று ஒருமுறை பாருங்கள்” என்றார் அவ்விளைஞர். யாமும் மறுக்காது உடன் சென்றோம்.

இந்திராநகரில் ஒரு சந்துக்குள் இருந்தது அக்கடை. வாயிலில் நீலத்துணி தொங்கியது. உள்ளே நீண்டதொரு மரப்பலகை. அதன் இப்புறம் பன்னிரண்டு முக்காலிகள். அப்புறம் அடுப்பும் அண்டாவும் சமையற்காரரும். மேசை நாற்காலி கிடையாது; தனியறை கிடையாது. வந்தவர் வந்த வரிசையில் தோளோடு தோள் உரச அமர வேண்டும். சமைப்பவன் கிண்ணத்தை நிரப்பிக் கை நீட்டித் தருவான். உண்பவன் கை நீட்டி வாங்குவான். ஜப்பானில் இவ்வகைக் கடை கூலியாளும் மாணவனும் விரைந்து பசியாறும் மலிவான இடமாம். பெங்களூரிலோ, அங்கே ஒரு கிண்ணத்துக்குக் கொடுக்கும் காசில் தர்ஷினியில் எட்டுப் பேர் இட்டிலி தின்று காப்பியும் குடிக்கலாம். கடல் கடந்தால் மலிவும் தன் குணத்தை இழந்துவிடுகிறது போலும்.

சமைத்துக்கொண்டிருந்தவர் ஜப்பானியர் அல்லர். நாகாலாந்திலிருந்து பிழைக்க வந்த இளைஞர். அவர் ஆக்கியது ராமென் என்னும் கோதுமை நூலுணவு. பன்றியெலும்பைப் பல மணி நேரம் கொதிக்கவைத்து வடித்த வெண்ணிறச் சாற்றில் அதனை இடுவர். யாம் பஞ்சசீலம் ஏற்ற நாள் முதல் புலால் உண்பதில்லை. ஆகவே எமக்குக் காளானும் கடற்பாசியும் இட்ட சாறு தனியே வந்தது. அதற்குச் சற்று முன்னர் எம் பக்கத்து முக்காலியில் அமர்ந்திருந்தவருக்கு எலும்புச் சாறு நிறைந்த கிண்ணம் வந்தது. அதன் ஆவி எழுந்து எம் முகத்தில் பட்டது. யாம் முகத்தைச் சுளித்து, முக்காலியை ஒரு சாண் அப்பால் இழுத்துக்கொண்டோம்.

எம்மை அழைத்துச் சென்ற இளைஞர் இதனைக் கண்டார். “ஐயா, நீங்களுமா?” என்றார். அவர் கேட்டது அவ்வளவே. பிறகு தலை குனிந்து உண்ணலானார். அவருடைய கிண்ணத்திலும் எலும்புச் சாறுதான் இருந்தது.

அந்த ஒரு சாண் இடைவெளியைப் பற்றித்தான் இன்று எழுதுகிறோம்.

நாற்காலியை இழுத்துக்கொள்ளுதல் என்பது எமக்குப் புதிதன்று. நம்மில் எவருக்கும் புதிதன்று. ஆனால் இழுத்துக்கொண்டவர் எப்போதும் பிறராகவே இருந்தனர். நம் பாட்டன்மார் காலத்துச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்கெனத் தனியிடம் இருந்தது. நம்மவர்க்கு வாயிற்படியும் இல்லை. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு, உணவு விடுதிகளில் நுழைய எவரையும் சாதியின் பெயரால் தடுக்கலாகாது என்று 15ஆம் பிரிவில் விதித்தது. விதித்த பின்னரும் தமிழ்நாட்டுச் சிற்றூர்த் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை ஒழிந்தபாடில்லை. பெங்களூரில் 1983இல் ஜெயநகரில் முதல் தர்ஷினி திறக்கப்பட்டது. நின்றபடி உண்ணும் கடைகள் அதன் பின் தெருவுக்குத் தெரு பெருகின. ஆலையில் இரவு ஷிப்டு முடித்து, தலைமயிரில் பஞ்சு ஒட்டியிருக்க, அங்கே வங்கி அதிகாரியின் பக்கத்தில் நின்று யாம் இட்டிலி உண்ட முதல் நாளை இன்றும் மறக்கவில்லை. அவர் நகரவில்லை. இடமில்லாததால் நகரவில்லையோ, மனமில்லாததால் நகரவில்லையோ, அறியோம். எங்ஙனமாயினும் அவர் நகரவில்லை.

இனி ஜப்பானுக்கு வருவோம். அந்நாட்டார் உண்ணுமுன் கைகூப்பி ‘இதாதகிமாஸ்’ என்பர். பணிவுடன் பெற்றுக்கொள்கிறேன் என்பது பொருள். உண்டு முடித்ததும் ‘கோச்சிசோசமா’ என்பர். இவ்வுணவுக்காக அங்குமிங்கும் ஓடித் திரிந்தவர்க்கு நன்றி என்பது அச்சொல்லின் உட்பொருள். இளைஞர் இவற்றை எமக்குச் சொல்லித் தந்தபோது உள்ளம் நெகிழ்ந்தோம். ஆயினும் வீடு திரும்பிய பின் சில நூல்களைப் புரட்டியபோது, ஓடித் திரிந்தவருள் ஒரு பகுதியாரை அந்நாடு என்ன செய்தது என்பதும் தெரியவந்தது.

கி.பி. 675இல் தெம்மு என்னும் பேரரசர், ஆண்டின் ஒரு பகுதியில் மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றின் இறைச்சியை உண்ணலாகாது என ஆணையிட்டார். கொல்லாமை என்னும் நம் முதற் சீலத்தின் நிழல் அதில் விழுந்திருந்தது. உயிரைக் காக்கும் ஆணை நல்லதே. ஆனால் போர்வீரனுக்குக் கவசம் வேண்டும். கவசத்துக்குத் தோல் வேண்டும். கோயிலுக்கு முரசு வேண்டும். முரசுக்கும் தோல் வேண்டும். எனவே செத்த மாட்டை அப்புறப்படுத்தவும் உரிக்கவும் பதனிடவும் ஒரு கூட்டத்தார் தேவைப்பட்டனர். தோல் கோயிலுக்குள் சென்றது. உரித்தவன் ஊருக்கு வெளியே நின்றான். 1603 முதல் 1868 வரை நிலவிய தொகுகாவா ஆட்சியில் அவர்கள் ‘எத்தா’ எனப்பட்டனர். மிகுந்த அழுக்கு என்பது அப்பெயரை எழுதும் எழுத்துகளின் பொருள். பறையின் தோலுக்கும் பறைந்தவனுக்கும் நம் நாட்டில் நேர்ந்ததை அறிந்தவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இதனினும் கொடியது ஒன்றுண்டு. பௌத்தராகிய நாம் அதனை மறைக்கலாகாது. இறந்தவர்க்குத் தருமப் பெயர் சூட்டுவது ஜப்பானியப் பிக்குகளின் வழக்கம். இம்மக்கள் இறந்தபோது, விலங்கு என்றும் இழிந்தவர் என்றும் பொருள்படும் எழுத்துகளைச் சேர்த்துப் பெயரிட்டுக் கல்லறையில் பொறித்தனர். செத்த பின்னும் தீட்டு விடவில்லை; விடாமற் செய்தவர் சீவர ஆடை உடுத்தவர்! 1979இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் நகரில் நடந்த உலகச் சமயங்களின் அமைதி மாநாட்டில், ஸோட்டோ என்னும் சென் பிரிவின் தலைவர் ஒருவர், ஜப்பானில் இத்தகைய பாகுபாடே இல்லை என்று பேசினார். பின்னர் அப்பேச்சுக்கு வருந்த நேர்ந்தது. அப்பிரிவும் தன் குற்றத்தை ஒப்புக்கொண்டு, அக்கல்லறைப் பெயர்களைத் தேடித் திருத்தும் பணியில் இறங்கியது. நம் சமயம் என்பதற்காக இதனை யாம் மென்மையாகச் சொல்லப்போவதில்லை.

1871இல் அந்த இழிபெயரைச் சட்டம் ஒழித்தது. மறு ஆண்டே மெய்ஜிப் பேரரசர் மாட்டிறைச்சி உண்டதாக நாடெங்கும் அறிவிக்கப்பட்டது. புலால் உண்பது நாகரிகம் ஆயிற்று. 1899இல் டோக்கியோவின் நிஹொன்பஷி மீன் சந்தையில், சோற்றின்மேல் மாட்டிறைச்சி இட்டுத் தரும் யோஷினோயா என்னும் சிறு கடை தோன்றியது. இன்று அதன் கிளைகள் பல நாடுகளில் உள்ளன. பேரரசர் உண்டார், அதிகாரி உண்டார், கூலியாளும் ஒரே பலகையில் அமர்ந்து உண்டான். உண்பதில் இருந்த தீட்டு ஒரே ஆண்டில் பறந்துபோயிற்று. அறுப்பவன் மேல் இருந்த தீட்டு மட்டும் பறக்கவில்லை. 1922இல் அம்மக்கள் கியோத்தோவில் கூடி, சமநிலைச் சங்கம் எனப் பொருள்படும் சுய்ஹெய்ஷாவை நிறுவிப் போராட வேண்டியிருந்தது. 1975இல், அவர்கள் வாழும் ஊர்களின் பெயர்ப் பட்டியல்கள் அச்சாகி விற்கப்பட்டதும், வேலை தேடி வருவோரைப் பிரித்தறிய நிறுவனங்கள் அவற்றை வாங்கியதும் வெளிவந்தன. டோக்கியோவின் ஷிபவுரா இறைச்சிக் கூடத்துத் தொழிலாளர்க்கு இக்காலத்திலும் வசைக் கடிதங்கள் வந்திருக்கின்றன. எழுதியவருள் எத்தனை பேர் கடிதத்தை அஞ்சலிட்ட கையோடு இறைச்சிச் சோறு உண்ணச் சென்றனரோ!

1958இல் ஷிராய்ஷி என்பவர், பீர்ப் புட்டிகள் ஓடும் பட்டையைத் தொழிற்சாலையில் கண்டு, அதே போலத் தட்டுகள் சுழன்று வரும் மீன்சோற்றுக் கடையை ஒசாகா வட்டாரத்தில் அமைத்தார். ஆலையில் பட்டையோடு வாழ்ந்த எமக்கு இச்செய்தி வியப்பளித்தது. ரிங் பிரேமில் நூல் சுற்றியவன் முகத்தைச் சேலை வாங்குபவள் காண்பதில்லை. சுழலும் பட்டையில் தட்டெடுப்பவனும் சமைத்தவன் கையைக் காண்பதில்லை. யாம் சென்ற கடையில் கையாவது தெரிந்தது. எனினும் அக்கைக்கும் பின்னால் அறுத்த கையொன்று உண்டு. அது எந்தக் கடையிலும் தெரிவதில்லை.

இங்கே அன்பர்கள் ஒரு தடை எழுப்பலாம். கொல்லாமை நம் முதற் சீலமாயிற்றே, இறைச்சி விற்பதை உபாசகர்க்குத் தகாத ஐந்து வணிகங்களுள் ஒன்றாக அங்குத்தர நிகாயம் கூறுகிறதே, அருவருத்தது குற்றமா? நியாயமான கேள்வி. எளிய விடை எம்மிடம் இல்லை. தமக்கெனக் கொல்லப்பட்டதைக் காணாமலும் கேளாமலும் ஐயுறாமலும் இருப்பின் பிக்கு அவ்வூனை ஏற்கலாம் என்று பகவன் ஜீவகனுக்கு உரைத்தார். இதனைச் சொல்லிப் புலால் உண்ணும் நம்மவர் பலர். ஆனால் அவ்விதி ஓடேந்தி நின்று, இட்டதை ஏற்கும் பிக்குவுக்கு வகுத்தது. நாமோ காசு கொடுத்துக் கேட்டு வாங்குகிறோம். விற்பது தகாது என்றால், விற்கச் செய்யும் காசு மட்டும் எங்ஙனம் தூயதாகும்? ஆகையால் புலாலை விடுவதே நன்று என்பது எம் கருத்து. இன்றும் அதில் மாற்றமில்லை. அதே வேளையில், யாவரும் புலாலை விட்டே தீர வேண்டும் என்று தேவதத்தன் சங்கத்துக்கு விதி கேட்டபோது பகவன் இசையவில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். நாற்றம் ஊனில் இல்லை, கொடுமையிலும் வஞ்சத்திலும் செருக்கிலும் உள்ளது என்பது சுத்தநிபாதத்து ஆமகந்த சூத்திரத்தின் கருத்து. அங்குலிமாலன் கைகளில் மனிதக் குருதி இருந்தது. அவன் வந்தபோது பகவன் தம் இருக்கையை அப்பால் இழுத்துக்கொள்ளவில்லை.

சீலம் எம் கையைக் கட்டுவதற்கு வந்தது. அதை எடுத்துப் பிறன் முகத்தில் முத்திரையாகக் குத்தினால் அது சீலமாக நிற்பதில்லை, சாதியாகிவிடுகிறது. தெம்மு மன்னரின் ஆணைக்கு நேர்ந்தது இதுவே. டாக்டர் அம்பேத்கர் 1948இல் வெளியிட்ட நூலில், தீண்டாமையின் வேரைத் தேடுகையில், பௌத்தத்தைக் கைவிடாதவர் மீது காட்டிய வெறுப்பையும் மாட்டிறைச்சி உண்டவர் மீது காட்டிய அருவருப்பையும் சேர்த்தே சுட்டினார். அந்நூலை மேடைதோறும் எடுத்துரைத்தவர் யாம். எடுத்துரைத்த வாய்தான் ராமென் கடையில் சுளித்தது.

இளைஞரின் சொல் எம்மை உறுத்தியதற்கு மற்றொரு காரணமும் உண்டு. எம் அத்தை, எம் தந்தையின் தமக்கை, ஆலை வாயிலில் போட்டி வறுவலும் மாட்டுக்கறியும் விற்றுப் பிழைத்தவர். எம் பள்ளிச் சம்பளத்தை ஐந்தாம் வகுப்பு வரை கட்டியது அந்தக் கறிச்சட்டியே. யாம் சீலம் ஏற்ற பின் முதன்முறை அவர் வீட்டுக்குச் சென்றபோது, கறி பட்ட பாத்திரத்தில் உண்ணமாட்டோம் என்று சொல்லித் தண்ணீரும் அருந்தாமல் திரும்பினோம். அடுத்த முறை அவர் புதிதாக ஒரு தட்டும் ஒரு குவளையும் வாங்கி வைத்திருந்தார். அவற்றில்தான் இருபது ஆண்டுக்கு மேலாக எமக்குச் சோறிட்டு வந்தார். யாமும் அதனைப் பெருமையாகவே எண்ணி, மற்றவர்க்கு எடுத்துக்காட்டாகவும் சொல்லி வந்தோம்.

மறு ஞாயிறு அத்தை வீட்டுக்குச் சென்றோம். எண்பதைத் தாண்டியவர்; கடையை விட்டு நெடுநாளாயிற்று. எம்மைக் கண்டதும் சுவரைப் பிடித்து எழுந்து, பரண் பலகையில் துணி சுற்றி வைத்திருந்த அத்தட்டையும் குவளையையும் எடுக்கக் கையை உயர்த்தினார். வேண்டா அத்தை, இங்கே உள்ளதிலேயே போடுங்கள் என்றோம்.

அவருக்கு விளங்கவில்லை. “ஏனப்பா? சுத்தமாகத்தான் இருக்கிறது. உன்னைத் தவிர அதை யாரும் தொட்டதில்லை” என்றார்.

யாம் ஒன்றும் சொல்லவில்லை. அடுப்படியில் கவிழ்த்திருந்த தட்டொன்றை எடுத்து அவர் முன் வைத்தோம். சற்று நேரம் எம் முகத்தையே பார்த்திருந்து, பிறகு அதில் சோறிட்டு ரசம் ஊற்றினார். கறிச்சட்டி அருகிலேயே இருந்தது. அதனை அப்பால் நகர்த்தப் போனார், இருக்கட்டும் என்றோம். அவர் தமக்கு அதிலிருந்து இரண்டு துண்டு இட்டுக்கொண்டு எம் பக்கத்தில் அமர்ந்தார்.