தாடையெலும்பின் சாட்சியம்

கோடை மழை ஓய்ந்த ஒரு ஞாயிறு பிற்பகலில், மறைக்கல்வி வகுப்பு முடிந்ததும் சிறுவன் ஒருவன் நம் அறை வாசலில் வந்து நின்றான். அவன் கையிலிருந்த தீப்பெட்டிக்குள், எறும்புகள் துப்புரவாகத் தின்றுவிட்டுப் போன சிறு எலும்புக்கூடு ஒன்று கிடந்தது. தேயிலைச் செடியின் தூரில் கண்டெடுத்தானாம். "சாமி, இது ஓணானா, பல்லியா?" என்று கேட்டான்.

குருமடத்தில் நாம் மெய்யியலும் இறையியலும் படித்தோம், எலும்பியல் படிக்கவில்லை. ஆயினும் இத்தகைய கேள்வியோடு வந்த பிள்ளையை வெறுங்கையாக அனுப்ப மனம் வரவில்லை. கல்லூரியில் விலங்கியல் கற்பிக்கும் பங்கு அன்பர் ஒருவரை வரவழைத்தோம். அவர் உருப்பெருக்குக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, முதலில் தாடையைப் பார்க்கச் சொன்னார். பல்லியின் பற்கள் தாடையின் உட்சுவரில் சாய்ந்து ஒட்டியிருக்கும். பழையது விழப் புதியது முளைத்துக்கொண்டே இருக்கும். ஓணானுக்கோ முன்பற்கள் சில நீங்கலாக மற்றவை தாடையின் விளிம்பின் மேலேயே எலும்போடு எலும்பாக இறுகிவிடும். அவை விழுந்து முளைப்பதில்லை, ஆயுள் முழுவதும் தேய்ந்துகொண்டே போகும். பிறகு வால். பல்லியின் வாலெலும்புகளில் ஒடிவதற்கென்றே ஒரு பிளவுக்கோடு அமைந்திருக்கிறது. ஒடிந்த இடத்தில் மீண்டும் வளர்வது வால்தான், ஆனால் அதற்குள் முள்ளெலும்பு இராது. குருத்தெலும்பாலான ஒரு தண்டு மட்டுமே இருக்கும். அரணையாக இருந்தால் செதில்களுக்கு அடியில் நுண்ணிய எலும்புத் தகடுகள் இருக்கும். இவ்வளவும் பார்த்தபின், "ஓணான்தான்" என்றார் அன்பர்.

சிறுவன் விடுவதாயில்லை. "எந்த ஓணான்?" என்றான்.

நீலகிரியின் உயர்ந்த மேடுகளில், வேலிப் புதர்களிலும் பூங்காச் செடிகளிலும், மெல்ல நகரும் ஓர் ஓணான் உண்டு. சாலியா ஹார்ஸ்ஃபீல்டியை என்ற பெயரில் 1845-ஆம் ஆண்டில் கிரே என்ற ஆங்கில அறிஞர் அதை உலகுக்கு அறிவித்தார். சமவெளியெங்கும் காணப்படும் தோட்ட ஓணான் வேறு. ஆனைமலையில் வாழும் சாலியா இன்னும் வேறு. அதை 1878-இல் பெடோம் பெயரிட்டார். உயிரோடு இருக்கையில் செதிலின் அடுக்கையும் முதுகுச் சீப்பையும் நிறத்தையும் கொண்டு இவற்றைப் பிரித்துச் சொல்லலாம். எறும்பு தின்றபின் அவையெல்லாம் எங்கே? எஞ்சியது எலும்பு மட்டுமே. அதில் காணும் ஒரு சிறு வேறுபாடு இனத்தின் வேறுபாடா, வயதின் வேறுபாடா, ஆண் பெண் என்னும் வேறுபாடா, அல்லது அந்த ஓர் உயிருக்கே உரிய தனித்தன்மையா? தேய்ந்த பல்வரிசையைக் கண்டு, "இது வேறோர் இனம்" என்று சொல்லிவிடுவது எளிது; அது முதுமையின் அடையாளமாகவும் இருக்கலாமன்றோ! ஓர் இனத்துக்கு ஓர் எலும்புக்கூட்டைப் பார்த்தால் போதாது. குஞ்சும் கிழமும் ஆணும் பெண்ணுமாகப் பலவற்றைப் பார்த்தாக வேண்டும். ஆனால் அருங்காட்சியகங்களில் பல்லிகளும் ஓணான்களும் பெரும்பாலும் சாராயத்தில் ஊறிய முழு உடல்களாகவே சேமிக்கப்பட்டுள்ளன. சுத்தம் செய்த எலும்புக்கூடுகள் மிகச் சிலவே.

உயிருள்ளவற்றிலேயே எவ்வளவு தடுமாற்றம் என்பதற்கு நம் மலைத்தொடரிலேயே ஒரு சான்று உண்டு. 1875-இல் குந்தர் என்பவர் ஆனைமலைப் பல்லி ஒன்றுக்குப் பெயரிட்டார். 1933-இல் மால்கம் ஸ்மித் அதற்கெனத் திராவிடோகெக்கோ என்னும் தனிப் பேரினத்தையே அமைத்தார். மேற்குத் தொடர்ச்சி மலையில் எங்கே அதைக் கண்டாலும் எல்லாம் அந்த ஒரே இனம் என்றே நெடுங்காலம் கொள்ளப்பட்டது. 2019-இல் மரபணுவையும், தொடையடியில் வரிசையாக அமைந்த துளைகளையும், பிற நுண்ணிய அடையாளங்களையும் ஒப்பிட்டவர்கள், மேலும் ஆறு இனங்கள் அந்த ஒரு பெயருக்குள் ஒளிந்திருந்தன என்று காட்டினர். அவற்றுள் ஒன்று, தாவரவியல் அறிஞர் ஜானகி அம்மாளின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் ஏழு பேரை ஒரே பெயரால் அழைத்திருக்கிறோம்.

உயிருள்ளவை இப்படியிருக்க, கல்லாகிப் போனவற்றைப் பற்றி என்ன சொல்வது? நம் நீலகிரியில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. இம்மலையின் சார்னோக்கைட் பாறை ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமையுடையது. எலும்புள்ள உயிர் எதுவும் தோன்றுமுன்னரே இறுகிவிட்டது. ஆகவே வடக்கே, மத்தியப் பிரதேசத்தின் டிக்கி என்ற ஊருக்குச் செல்வோம். அங்குள்ள செம்மண் படிவுகள் டிரையாசிக் காலத்தவை. 2006-இல் தத்தா, சங்கமித்ரா ராய் என்னும் இரு இந்திய ஆய்வாளர்கள் அங்கே கிடைத்த ஒரு சின்னஞ்சிறு கீழ்த்தாடையை விவரித்து, டிக்கிகுவானியா எஸ்டெசி என்று பெயரிட்டனர். பல்வரிசை, ஓணான், பச்சோந்தி ஆகியவற்றின் உறவைக் காட்டியது. கிடைத்த மண் சுமார் 22 கோடி ஆண்டுப் பழையது. எனவே உலகின் மிகப் பழைய பல்லியினம் இந்தியாவிலேயே என்ற பெருமை நமக்குக் கிட்டியது. வேறு நாட்டு ஆய்வாளர்களும், பல்லிகளும் பாம்புகளும் எப்போது பிரிந்தன என்று கணக்கிட அந்தத் தாடையையே நங்கூரமாகக் கொண்டனர்.

2012-இல் ஹட்சின்சன், ஸ்கின்னர், லீ என்னும் மூவர் அதை மீண்டும் ஆராய்ந்தார்கள். அந்தத் தாடைக்கும் இன்று ஆசியாவில் வாழும் ஓணான்களின் தாடைக்கும் வேறுபாடு காண்பதே அரிதாயிருந்தது. நம் வேலியோரச் சாலியா எந்தக் கிளையைச் சேர்ந்ததோ அதே கிளையில்தான் அதுவும் போய் அமர்ந்தது. இருபத்தொரு கோடி ஆண்டுகளுக்கு மேலாக ஒரு தாடை சற்றும் மாறாமல் நிலைத்தது என்று நம்புவதைவிட, பிற்காலத்து ஓணான் ஒன்று செத்து, பழைய படிவு கரைந்து மறுபடி படிந்த மண்ணில் புதைந்தது என்று கொள்வதே பொருத்தம் என்றனர் அம்மூவரும்.

கவனியுங்கள்: எலும்பு பொய் சொல்லவில்லை. "நான் ஓணான் குடும்பம்" என்று அது முதலிலிருந்தே சொல்லிக்கொண்டுதான் இருந்தது. அதைக் கண்டவர்களும் அதைச் சரியாகவே கேட்டனர். பிசகு வந்தது, அது கிடந்த இடத்திலிருந்து. பழைய மண்ணில் கிடந்ததால் பழையது என்று கொள்ளப்பட்டது. இதே சறுக்கலை அமெரிக்க ஆய்வாளர் சிலரும் 2010-இல் தம் நாட்டைக் குறித்துச் சுட்டிக்காட்டினர். ஓரிடத்தில் கிடைத்த பழைய எலும்புத் துண்டை, இன்று அவ்விடத்தில் வாழும் இனத்தின் பெயராலேயே அழைத்துவிட்டு, பிறகு அதையே சான்றாகக் காட்டி, "இங்கே இனங்கள் மாறவேயில்லை" என்று முடிவுகட்டுவது, தன் வாலைத் தானே கவ்வும் வழக்கு என்றனர்.

இதைப் படித்த இரவு நமக்குத் தூக்கம் வரவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறோம்.

இருபது ஆண்டுகளுக்கு முன் வேறொரு பங்கில் இருந்தோம். 1964-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய மக்களின் குடியிருப்பு ஒன்று அதன் எல்லைக்குள் இருந்தது. அங்கே வாழ்ந்த ஒரு குடும்பத்துப் பெண்ணுக்கு வெளியூரில் வரன் பார்த்தார்கள். அவ்வூர்ப் பங்குத்தந்தை நம்மிடம் விசாரித்துக் கடிதம் எழுதினார். குடும்பம் நல்ல குடும்பம், ஞாயிறு தவறாதவர்கள், சிலோனிலிருந்து வந்தவர்கள் என்று பதில் எழுதினோம். முதலிரண்டும் நாம் நேரில் அறிந்தவை. மூன்றாவதை நாம் யாரிடமும் கேட்கவில்லை. அந்தக் குடியிருப்பில் இருந்தார்கள், அவ்வளவே. வரன் நின்றுபோயிற்று. அந்தப் பெண்ணின் தகப்பனார் நம்மிடம் வந்து, கோபப்படாமல், "சாமி, நாங்க திருநெல்வேலிப் பக்கம். வேலைக்கு வந்து, வாடகைக்கு வீடு கிடைச்சது அங்கதான். கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே" என்றார்.

சிலோனிலிருந்து வந்திருந்தால்தான் என்ன குறை? குறை அந்த வரன் வீட்டார் மனத்தில் இருந்தது. அதைப் பற்றி அவர்கள் பங்குத்தந்தைக்குக் கடுமையாகவே எழுதினோம். ஆயினும் அவர்கள் குறையைக் காட்டி நம் பொய்ச் சாட்சியத்தை மறைக்க முடியாது. ஓணானைத் தவறாக வகைப்படுத்தினால் ஓணானுக்கு நட்டமில்லை. மனிதர்களை அப்படி வகைப்படுத்தும்போது, நம் பேனா முனையில் ஒரு வீட்டின் விளக்கு அணைகிறது. "சொந்த ஊர் எது?" என்று நாம் ஒருவரையொருவர் கேட்கும் கேள்விக்குள் வேறு எந்தக் கேள்வி பதுங்கியிருக்கிறது என்பது நம் எல்லாருக்கும் தெரியும். கல்லறைத் தோட்டத்தில் குழி தோண்டுகிறவரைக் கேட்டால், இத்தனை ஆண்டில் எந்த எலும்பிலும் அந்தக் கேள்விக்கு விடை கண்டதில்லை என்பார். இருந்தும் சில ஊர்களில் கல்லறைக்கு நடுவே சுவர் எழுப்பினோம்.

ஓர் ஈயின் இயல்பைக்கூட எந்த மெய்யியலாரும் முழுதாக ஆராய்ந்து முடித்ததில்லை என்னும் கருத்தைத் தோமா அக்குவினார் சொல்லியிருக்கிறார். குருமடத்தில் அதைப் படித்தபோது பணிவுக்கான அறிவுரை என்று குறித்துக்கொண்டோம். இன்று அது வேலை செய்யும் முறை குறித்த பேச்சாகப் படுகிறது. பொருள்களின் உள்ளியல்பு நமக்கு நேரடியாகத் தென்படுவதில்லை. வெளியடையாளங்களின் வழியேதான் அதை எட்டுகிறோம் என்பதும் அவர் கற்பித்ததே. எனவே ஒவ்வோர் அடையாளத்தையும், "நீ எதுவரைக்கும் சாட்சி?" என்று கேட்க வேண்டியிருக்கிறது. பல் குடும்பத்துக்குச் சாட்சி. இனத்துக்கு அன்று. கிடந்த மண், எங்கே கிடந்தது என்பதற்கு மட்டும் சாட்சி.

டிக்கிகுவானியா என்ற பெயர் இன்னும் அறிவியல் ஏடுகளில் இருக்கிறது. ஒருமுறை முறைப்படி இட்ட பெயரை அழித்துவிடுவதில்லை, பின்வந்தவர்கள் பக்கத்தில் தங்கள் கருத்தை எழுதுகிறார்கள். நம் பங்கின் குடும்பப் பதிவேட்டிலும் அன்று நாம் எழுதிய வரி அழிக்கப்படவில்லை. ஓரத்தில் திருத்தம் எழுதிக் கையொப்பமிட்டுவிட்டுத்தான் அந்தப் பங்கைவிட்டு வந்தோம். அந்தப் பெண்ணுக்கு நான்கு ஆண்டு கழித்துக் கோயம்புத்தூரில் மணமாயிற்று. நம்மை அழைத்தார்கள், போனோம்.

சிறுவனின் தீப்பெட்டி இப்போது நம் மேசைமேல் இருக்கிறது. மூடியில் ஒட்டுவதற்குச் சீட்டெழுதித் தரச் சொன்னான். "ஓணான் குடும்பம். தேயிலைத் தூரில் கிடைத்தது" என்று எழுதி, தேதியும் இட்டோம். இனத்தின் பெயர் இல்லையே என்று அவனுக்கு வருத்தம். கீழே கொஞ்சம் இடம் விட்டிருக்கிறோம் என்று காட்டினோம்.