கருவி சரியென்றால் கடமை தீர்ந்ததா?



1992-ம் ஆண்டில் அமெரிக்காவிலே, கான்சாஸ் மாநிலத்து டொப்பீக்கா நகரில், முன்னாள் படைவீரர்களுக்கான அரசாங்க ஆஸ்பத்திரியில் பணிபுரிந்த நர்சு அம்மையார் ஒருவர், வாடகைக் கார் ஒன்றைத் திருப்பிக் கொடுக்கச் சென்றார். அங்கிருந்த பணியாள், காரில் ஒட்டியிருந்த பார்கோடு என்னும் கோட்டுக்குறியின்மீது கையடக்கக் கருவி ஒன்றைக் காட்டி நொடியில் கணக்கை முடித்தான். காருக்குச் செய்வதை நோயாளிக்கும் மருந்துக்கும் செய்யலாகாதா என்று எண்ணினார் அம்மையார். அவ்வெண்ணம் பலித்தது.

இன்று பல ஆஸ்பத்திரிகளில், நோயாளியின் மணிக்கட்டுப் பட்டையிலும் மருந்துப் பொட்டலத்திலும் இக்குறி இருக்கிறது. நர்சு இரண்டின்மீதும் கருவியைக் காட்டுகிறார். ஆள், மருந்து, அளவு, வேளை ஆகியவற்றுள் ஏதேனும் வைத்தியரின் கட்டளைக்கு மாறாயிருந்தால் கணினி எச்சரிக்கிறது. பாஸ்டன் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நடந்த ஆராய்ச்சி 2010-ல் வெளியாயிற்று. மருந்து கொடுப்பதில், வேளை தவறுதல் நீங்கலாக, நூற்றுக்கு 11.5 ஆக இருந்த பிழைகள் 6.8 ஆகக் குறைந்தன என்று அது கூறிற்று. இது மெய்யான நன்மை. இதை மறுப்பது நன்றியின்மை.

ஆயினும் 2008-ல் வெளியான மற்றோர் ஆராய்ச்சி, இம்முறையைத் தட்டிக்கழிக்கும் குறுக்குவழிகள் 15 வகை உண்டெனக் கண்டது. அவற்றுள் ஒன்று யாதெனில், நோயாளியின் குறிக்கு நகலெடுத்துக் கதவு நிலையிலோ வண்டியிலோ ஒட்டிவைத்து, அதன்மீது கருவியைக் காட்டுவது. கருவி "சரி" என்கிறது. அது பொய் சொல்லவில்லை. காகிதத்தைப் பற்றிக் கேட்டார்கள், காகிதத்தைப் பற்றிச் சொல்லிற்று. கட்டிலில் கிடப்பவர் யாரென்று ஒருவரும் பார்க்கவில்லை.

உடனே நர்சுகளைக் குற்றஞ்சாட்டப் புறப்படுவது நியாயமன்று. பட்டை நனைந்து குறி அழிந்திருக்கலாம். கருவியின் பாட்டரி தீர்ந்திருக்கலாம். உறங்குகிறவரை எழுப்ப மனம் வராதிருக்கலாம். பழுதான கருவியையும் சுமக்கமுடியாத வேலையையும் கொடுத்துவிட்டு, விதியை மாத்திரம் சுவரில் எழுதிவைக்கும் நிர்வாகத்தாருக்கும் இதில் பங்குண்டு. இக்காரணங்கள் பொறுப்பைக் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் செயலை நல்லதாக்கிவிடா. ஏனெனில் பிழையின் பலனை அனுபவிப்பவர், குறுக்குவழியில் யாதொரு பங்குமில்லாத நோயாளியே.

கருவி நம் ஞாபகத்துக்குத் துணைசெய்யும். மனச்சாட்சியின் இடத்தில் அது அமர முடியாது. நோயாளியை அணுகி, அவர் கையைப் பிடித்து, இவர் இன்னார் என்று அறியும்படி நம்மை அவரிடம் கொண்டுசேர்ப்பதே அதன் பயன். அவ்விடம் போகாமலிருக்க அதை உபயோகித்தால், அதன் நோக்கத்தையே அழிக்கிறோம்.

கடைசியாக, நோயுற்றுக் கட்டிலில் கிடக்கும் நமக்கும் ஒரு கடமை உண்டு. நள்ளிரவில் நர்சு நம்மை எழுப்பிப் பெயரைக் கேட்டால், "மாலையில்தானே கேட்டீர்கள்?" என்று சினவாதிருப்போம். பெயரைச் சொல்லி, கையை நீட்டுவோம். நம் எரிச்சலுக்கு அஞ்சியே அடுத்த முறை அவர் கதவோடு நின்றுவிடக்கூடும்.