கேட்டது யார் குரல்?

இணையவழிக் கூட்டத்தில் ஒருவர் பேசும்போது அவருடைய குரல் அறுபடாமல் ஒரே ஓட்டமாக வந்து சேர்வதில்லை. பெரும்பாலான செயலிகள் அதை 20 மில்லிநொடித் துண்டுகளாக நறுக்கி, நொடிக்கு 50 பொட்டலங்களாக அனுப்புகின்றன. சில வழியில் தொலைந்துபோகும். சில தாமதமாக வரும். அந்த இடத்தைக் காலியாக விட்டால் பேச்சு விட்டுவிட்டுக் கேட்கும். அதனால் கேட்பவரின் கணினி, முந்தைய துண்டைப் பார்த்து அதே சாயலில் ஒன்றைத் தானே செய்து ஒட்டிவிடுகிறது. பேசியவர் வாயிலிருந்து வராத ஒலி, அவருடைய குரலிலேயே காதில் விழுகிறது.

எப்போதாவது நடக்கிற விஷயமல்ல இது. தன் டுவோ செயலியின் அழைப்புகளில் 99 சதவீதம் பொட்டல இழப்பையோ தாமதத்தையோ சமாளிக்க வேண்டியிருந்தது என்று 2020இல் கூகுள் சொன்னது. அவற்றில் பத்தில் ஒன்றில் 8 சதவீதத்துக்கு மேற்பட்ட ஒலி தொலைந்ததாம். அந்த ஆண்டு டுவோவில் சேர்ந்த வேவ்நெட்இக்யூ என்ற செயற்கை நரம்பு வலை, 48 மொழிகளில் 100க்கும் மேற்பட்டோர் பேசியதைக் கொண்டு பழக்கப்படுத்தப்பட்டது. பாதியில் அறுந்த அசையை அது முடித்துவைக்கும். இடைவெளி 120 மில்லிநொடியைத் தாண்டினால் மெல்ல அடங்கிவிடும்.

அழைப்பின் தரத்தைக் கண்காணிப்பவர்கள் முதலில் பார்க்கும் எண் எம்ஓஎஸ். ஆட்களை உட்காரவைத்து ஒலியைக் கேட்கச் செய்து, 'மோசம்' என்றால் 1, 'மிக நன்று' என்றால் 5 என்று மதிப்பெண் போடச் சொல்லிச் சராசரி எடுக்கும் முறை இது; சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பி.800 பரிந்துரையில் இருப்பது. அழைப்புக்கு அழைப்பு ஆள் வைக்க முடியாது என்பதால், இழப்பு, தாமதம், ஜிட்டர் (பொட்டலங்கள் வந்துசேரும் நேரத்தின் ஏற்ற இறக்கம்) ஆகியவற்றை வைத்து ஒரு சூத்திரம் அந்த மதிப்பெண்ணை ஊகித்துக்கொள்கிறது. ஆள் போட்டாலும் சூத்திரம் போட்டாலும் அளக்கப்படுவது கேட்பவரின் திருப்திதான். கேட்டது சொன்னதுதானா என்று அந்த எண் விசாரிப்பதில்லை.

கணக்கு எழுதும் விதத்திலேயே இந்த அலட்சியம் தெரிகிறது. உலாவி வழி அழைப்புகளுக்கு அடித்தளமான வெப்ஆர்டிசியில் 'டோட்டல் சாம்பிள்ஸ் ரிசீவ்டு' என்று ஒரு பதிவு உண்டு: வந்து சேர்ந்த ஒலித் துணுக்குகளின் மொத்தம். கணினி இட்டு நிரப்பியவையும் இதில் அடக்கம் என்று அதன் வரையறையே சொல்கிறது. வராததும் வரவில்தான் சேர்கிறது! நல்லவேளையாக, பக்கத்திலேயே 'கன்சீல்டு சாம்பிள்ஸ்' என்று நிரப்பியவற்றுக்கு மட்டும் தனிக் கணக்கு ஓடுகிறது.

எம்ஓஎஸ் விசாரிக்காத கேள்வியை யூதச் சட்ட அறிஞர்கள் வெகு காலத்துக்கு முன்பே எடுத்துக்கொண்டார்கள். புத்தாண்டு நாளில் ஷோஃபார் என்னும் கொம்பின் ஒலியைக் கேட்பது அவர்களுக்குக் கடமை. குழிக்குள்ளோ பெரிய சாடிக்குள்ளோ ஊதினால்? கொம்பின் ஒலியைக் கேட்டவர் கடமையை முடித்தவர். எதிரொலியை மட்டும் கேட்டவர் முடிக்காதவர் என்கிறது, கி.பி. 200ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட மிஷ்னா. ஒலிபெருக்கியும் தொலைபேசியும் வந்தபோது ஜெருசலேமின் ரப்பி ஷ்லோமோ சல்மான் அவுர்பாக் (1910–1995) கறாராகச் சொன்னார்: காதில் விழுவது ஒரு தகட்டின் அதிர்வு, மனிதக் குரல் அல்ல. ஆனால், பேசுபவரால் உண்டாகி உடனுக்குடன் கேட்கிற ஒலியை அவருடைய குரலாகவே கொள்ளலாமே என்று ஹஸோன் இஷ் என அறியப்பட்ட ரப்பி கருதியதையும் அவுர்பாக்கே எழுதிவைத்திருக்கிறார்.

நம் நாட்டு நியாய மரபினரைக் கேட்டால் அவுர்பாக் தேடுகிற அந்த 'அசல் குரல்' யார் காதிலும் விழுந்ததே இல்லை என்பார்கள். அவர்கள் கணக்கில், வாயில் பிறந்த ஒலி பிறந்த இடத்திலேயே அழிகிறது. அழியுமுன் இன்னொன்றைப் பெற்றுவிடுகிறது. அலை அலையைத் தள்ளுவதுபோல, அல்லது கடம்ப மொட்டு எல்லாத் திசையிலும் விரிவதுபோல, தலைமுறை தலைமுறையாக வந்து காதை எட்டுவது கடைசி வாரிசு. எதிரில் நின்று பேசினாலும் இதுதான் கதி. அப்படியானால் மைக்கும் கம்பியும் அந்த வம்சத்தில் இன்னும் சில தலைமுறைகள், அவ்வளவே.

இட்டு நிரப்பிய துண்டு மட்டும் இதில் அடங்க மறுக்கிறது. முந்தைய துண்டிலிருந்து பிறந்ததால் அதற்கும் ஒரு தாய் உண்டு. ஆனால் தொலைந்த அந்தக் கணத்தில் பேசியவர் சொன்னதற்கும் அதற்கும் உறவே இல்லை. குடும்பம் சரி, பிள்ளை வேறு.

மனித மூளையும் இதைத்தானே செய்கிறது என்று கேட்கலாம். அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் வாரன் ஒரு வாக்கியத்தில் 'எஸ்' ஒலியை வெட்டி எடுத்துவிட்டு, அங்கே ஓர் இருமலை வைத்தார். 1970இல் வெளியான அந்தச் சோதனையில், கேட்ட 20 பேரில் 19 பேர் எந்த ஒலியும் விடுபடவில்லை என்றார்கள். மிச்சமிருந்தவரும் விடுபட்ட ஒலி எது என்பதைத் தவறாகக் காட்டினார். ஆக, காது ஒருபோதும் வெறும் சாட்சியாக இருந்ததில்லை. ஆனாலும் அங்கே இருமல் கேட்டது. சந்தேகம் வந்தால் 'என்ன சொன்னீங்க?' என்று கேட்க அது போதும். கணினி அந்த இருமலையும் சேர்த்துத் துடைத்துவிடுகிறது.

நீதிமன்றத்தில் இதன் விலை கூடுகிறது. காணொலி வழியாகச் சாட்சியம் பதிவுசெய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2003இல் பிரஃபுல் தேசாய் வழக்கில் ஏற்றது. பெருந்தொற்றுக் காலத்தில், 2020 ஏப்ரல் 6 அன்று பிறப்பித்த உத்தரவில் ஒரு நிபந்தனையும் விதித்தது: ஒலியின் தரம் பற்றிய புகாரை விசாரணையின்போதோ முடிந்த உடனேயோ சொல்லிவிட வேண்டும், அதற்குப் பிறகு ஏற்கப்படாது. குரல் கரகரத்தால், அறுந்தால், இது நியாயமான விதி. வழவழப்பாக நிரப்பப்பட்ட இடத்தைப் பற்றி யார், எப்போது புகார் சொல்வது? கேட்டவருக்கு அங்கே குறை எதுவும் தெரிவதில்லை. எம்ஓஎஸ் எண்ணும் அநேகமாக அவர் பக்கமே பேசும்.

சாட்சியை மறுபடி சொல்லச் சொல்வது நீதிமன்றத்துக்குப் புதிதல்ல. எந்தப் பதிலை மறுபடி கேட்க வேண்டும் என்று நீதிபதிக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். அதற்கான 'கன்சீல்டு சாம்பிள்ஸ்' எண் வெப்ஆர்டிசி அழைப்பு ஒவ்வொன்றிலும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. இப்போது அதைப் பொறியாளர்கள் மட்டும் பார்க்கிறார்கள். அவர்கள் திரையிலிருந்து அதை நீதிபதியின் திரைக்குக் கொண்டுவருவது பெரிய வேலை அல்ல.