பசித்தவனின் வினையா, பார்ப்பவனின் கடமையா?

வறுமைக்குக் காரணம் என்ன? இந்தக் கேள்விக்குப் பலரும், 'அவரவர் முன்வினை' என்று இரண்டே சொற்களில் விடை கூறிவிடுகின்றனர். அத்துடன் கேள்வியும் முடிகிறது. கூறியவரின் கடமையும் முடிந்துவிடுகிறது. கர்மக் கொள்கை சாஸ்திரங்கள் ஏற்றுக்கொண்ட உண்மை. ஆனால் துன்புறுபவனைக் கடந்து செல்வதற்காகவா அது அருளப்பட்டது?

1868-ஆம் ஆண்டு பகவான் ஸ்ரீராமகிருஷ்ணர் மதுர்பாபுவுடன் காசி யாத்திரை புறப்பட்டார். வழியில் தேவ்கர் வைத்தியநாதர் திருத்தலத்திற்கு அருகே ஒரு கிராமத்து மக்களின் வறுமையைக் கண்டு அவரது உள்ளம் உருகியது. அவர்களுக்குத் தலைக்கு எண்ணெயும், உடுத்த ஒரு துணியும், வயிறார ஒருவேளை உணவும் அளிக்குமாறு மதுரிடம் கூறினார். யாத்திரைக்குரிய பணம் போதாமல் போகுமே என்று மதுர் தயங்கினார். உடனே ஸ்ரீராமகிருஷ்ணர் அந்த ஏழைகளின் நடுவே சென்று அமர்ந்துவிட்டார். அவர்களை விட்டுக் காசிக்கு வர மறுத்துவிட்டார். கல்கத்தாவிலிருந்து துணி வரவழைத்து, அனைவருக்கும் உணவளித்த பிறகே யாத்திரை தொடர்ந்தது. கர்ம நியதியை அவரைவிட நன்கு அறிந்தவர் யார்? எனினும், 'இது இவர்களின் வினை' என்று அவர் விலகிச் செல்லவில்லை.

உணவு இருந்தும் பசி

1943-இல் வங்கத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது. 20 லட்சத்திற்கும் அதிகமானோர் மாண்டனர் என்பது ஆய்வாளர்கள் பலரின் மதிப்பீடு. பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் 1981-இல் வெளியிட்ட நூலில் இதனை ஆராய்ந்துள்ளார். பஞ்சமில்லாத 1941-ஐவிட 1943-இல் வங்கத்தில் உணவு குறைவாக இருக்கவில்லை என்பது அவரது முடிவு. போர்க்காலச் செலவாலும் பதுக்கலாலும் அரிசி விலை பன்மடங்கு உயர்ந்தது. விவசாயக் கூலிகள், மீனவர்கள் ஆகியோரின் வருவாய் அதற்கு ஈடாக உயரவில்லை. அரிசி இருந்தது, அதை வாங்கும் வலிமை அவர்களிடம் இல்லை.

வினை என்பதன் பொருள் செயல். பதுக்கியவனின் செயலும் வினையே. கண்டும் காணாதிருந்தவனின் செயலும் வினையே. பசித்தவனின் முற்பிறவியை ஆராய்பவர்கள், வயிறு நிறைந்தவர்களின் இப்பிறவி வினையை மறந்துவிடுகின்றனர்.

இன்றைய சமுதாயத்திலும் இதே உண்மையைக் காணலாம். 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தால் கோடிக்கணக்கான இல்லங்களுக்குத் தானியம் கிடைக்கிறது. ஆயினும் ஒரு பெருநோய் வந்தால் நிலத்தை விற்கவும், வட்டிக்கு வாங்கவும் ஏழைக் குடும்பம் தள்ளப்படுகிறது. கடன் மிகும்போது பிள்ளையின் படிப்பு நிற்கிறது. தந்தையின் வறுமை மகனுக்குச் சொத்தாகிறது. நோய், கடன், கல்வியின்மை, குறைந்த கூலி ஆகிய இவை ஒவ்வொன்றும் மனித முயற்சியால் மாற்றக்கூடியவை.

சேவையே வழிபாடு

1897 மே மாதம் சுவாமி அகண்டானந்தர் முர்ஷிதாபாத் மாவட்டத்தின் மஹுலாவில் பஞ்ச நிவாரணப் பணியைத் தொடங்கினார். பஞ்சம் தணிந்ததும் அவர் திரும்பிவிடவில்லை. அநாதைக் குழந்தைகளைத் திரட்டி இல்லம் அமைத்தார். பிற்காலத்தில் சார்காச்சியில் நிலைபெற்ற அந்த ஆசிரமத்தில் எழுத்தறிவுடன் நெசவும் தச்சுவேலையும் கற்பிக்கப்பட்டன. பசிக்கு உணவு, வறுமைக்குக் கல்வியும் தொழிலும் என்ற தெளிவு அவரிடம் இருந்தது.

கர்மக் கொள்கை, ஒருவன் தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டிய கண்ணாடி. பிறரை அளக்கும் அளவுகோல் அன்று. ஏழையின் முன் நிற்கும் சாதகன், 'இவன் முற்பிறவியில் என்ன செய்தான்?' என்று கேட்பதில்லை. 'இப்பொழுது நான் செய்ய வேண்டியது என்ன?' என்றே கேட்கிறான். இல்லத்தில் பணிபுரிபவருக்கு நியாயமான ஊதியத்தை உரிய நாளில் தருவதும், ஓர் ஏழை மாணவனின் படிப்பு நின்றுவிடாமல் காப்பதும் இல்லறத்தார் எவராலும் இயலும். பசித்தவனுள் உறையும் நாராயணனுக்கு அவை செய்யும் பூஜை. அந்தப் பூஜை தவறாது நடைபெற பகவான் அருள்புரிவாராக!